அனுமதி கேட்கத் தேவையில்லை

‘பதிப்பகத்தாரிடம் அனுமதிக் கடிதம் வாங்கி வாருங்கள், பார்க்கலாம்.’ பார்வையற்ற மாணவர் ஒருவர் பாடநூலைத் திரைவாசிப்பானில் கேட்கும் வடிவில் தரும்படி வேண்டினால், நம் நூலகங்கள் பலவற்றில் இன்றும் கிடைக்கும் பதில் இது. பதிப்புரிமையை மதிக்கிறோம் என்ற நல்ல எண்ணத்தில்தான் நூலகர்கள் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் சட்டம் அந்தக் கடிதத்தைக் கேட்கவே இல்லை. கடிதம் கைக்கு வருவதற்குள் மாணவருக்குத் தேர்வு முடிந்துவிடுகிறது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2012 ஜூன் 21இல் நடைமுறைக்கு வந்தது. அதன்வழி சேர்ந்த 52(1)(இசட்பி) பிரிவு நம் நூலகத் துறையினர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது. மாற்றுத்திறனாளி ஒருவர் படிப்பதற்காக எந்த நூலையும் அவருக்கு ஏற்ற வடிவில் மாற்றலாம், படியெடுக்கலாம், கொடுக்கலாம் என்கிறது அது. தனிநபரும் செய்யலாம், அமைப்பும் செய்யலாம். அமைப்பு என்பதற்குத் தரப்பட்ட விளக்கத்தில் அரசு ஏற்பு பெற்ற கல்வி நிறுவனமும் நூலகமும் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளன. நிபந்தனைகள் சில உண்டு. லாபம் வைக்கக் கூடாது. ஆக்கச் செலவை மட்டும் வாங்கலாம். படிகளை மாற்றுத்திறனாளிகள் மட்டுமே பயன்படுத்துவதை அமைப்புகள் உறுதிசெய்ய வேண்டும், அவை சந்தைக்குள் கசியாமல் இருக்க நியாயமான முயற்சியும் எடுக்க வேண்டும். லாப நோக்கில் செய்பவர்களுக்குத்தான் 31பி பிரிவின் கட்டாய உரிமம் தேவைப்படுகிறது.

‘ஏற்ற வடிவு’ என்பதற்குள் எவ்வளவு அடங்கும் என்பதும் தற்செயலாக முடிவானதல்ல. 2010இல் வந்த மசோதா, பிரெய்ல் போன்ற சிறப்பு வடிவங்களுக்கு மட்டுமே விலக்கு அளித்தது. பிரெய்ல் படிக்காதவர்களுக்கும் கணினி வழியே படிப்பவர்களுக்கும் அதனால் பயனில்லை என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் போராடின. நாடாளுமன்ற நிலைக்குழுவும் அந்த வாதத்தை ஏற்றது. அதனால்தான் இன்று சாதாரண வேர்டு கோப்பு, டெய்சி, இபப் மின்னூல்கள், ஒலிநூல், பெரிய எழுத்துப் படி எல்லாமே சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகின்றன. பயனாளர் என்றதும் பார்வையற்றவரை மட்டும் நினைப்பதும் போதாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. எழுத்துகள் குழம்பித் தெரியும் சிறுவனும், புத்தகத்தைக் கையில் பிடித்துப் பக்கம் புரட்ட முடியாதவரும் நம் வாசகர்களே.

சட்டம் திறந்த கதவுக்கு அப்பால் தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள் காத்திருக்கின்றன. பாமினி எழுத்துருவில் தட்டச்சான கோப்பைத் திரைவாசிப்பானில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ‘ஜே கே பி ஓ செமிகோலன்’ என்று காதில் விழும். திரையில் தெரிவது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ஒருங்குறிக்கு மாற்றாத பக்க வடிவமைப்புக் கோப்புகள் பதிப்பகங்களில் ஏராளமாக இருக்கின்றன. அச்சு நூலை ஸ்கேன் செய்து எழுத்துணரியில் கொடுத்தாலோ ரகரமும் துணைக்காலும் குழம்பி, ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிடுகிறது. வரி முடிவில் உடைந்த சொல் இரண்டு சொல்லாகிறது. பக்கத் தலைப்பும் அடிக்குறிப்பும் வாக்கியத்தின் நடுவே வந்து விழுகின்றன. கண்ணால் படிப்பவர் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார். காதால் படிப்பவர் பொருள் தப்பி நின்றுவிடுவார். ஆகவே மெய்ப்பு பார்ப்பதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. தலைப்புகளைத் தலைப்புகளாகக் குறித்து, பக்க எண்களைத் தக்கவைத்தால்தான் ஆய்வு மாணவர் மேற்கோள் காட்ட முடியும்.

மின்னூல் பூட்டப்பட்டிருந்தால்? பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கினாலும், சட்டம் தடை செய்யாத நோக்கத்துக்கு அது பொருந்தாது என்று விலக்கும் அளிக்கிறது. பிறருக்காகத் திறந்து கொடுப்பவர், கேட்டவரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து வைத்தால் போதும். பதிவேடு வைப்பது நூலகருக்குப் புதிதா என்ன?

எல்லை கடந்தும் வழி இருக்கிறது. பார்வையற்றோர் உள்ளிட்டோர் நூல்களைப் பெற வழிசெய்ய 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கைக்கு முதலில் ஏற்பு வழங்கிய நாடு இந்தியா, ஆண்டு 2014. 2016 செப்டம்பர் 30இல் அது நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர், கனடா, இலங்கை ஆகிய நாடுகளும் அதில் சேர்ந்துள்ளன. ஓர் உறுப்பு நாட்டில் ஆக்கிய கோப்பை இன்னொரு உறுப்பு நாட்டு வாசகருக்கு, அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் வழியே அனுப்ப அது இடமளிக்கிறது. தமிழ் பரவியிருக்கும் பரப்பை எண்ணிப் பார்த்தால், வேறு பல மொழிகளுக்கு இல்லாத வாய்ப்பு இது.

நாம் செய்ய வேண்டியவை இனி தெளிவு. ஒவ்வொரு நூலகமும் 52(1)(இசட்பி) பிரிவின்படி சேவை உண்டு என்று நூல் வழங்குமிடத்தில் எழுதி வைக்கட்டும். பார்வையற்றோர் காதால் அறியும்படி சொல்லவும் செய்யட்டும். கேட்டு வருபவரின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை விவரத்தைப் பதிந்துகொண்டு வேலையைத் தொடங்கலாம். ஆக்கிய கோப்பைத் தன் கணினியிலேயே பூட்டி வைக்காமல், 2016 முதல் இயங்கும் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே நூலை மதுரையிலும் கோவையிலும் தனித்தனியே ஸ்கேன் செய்துகொண்டிருப்போம். நூலகவியல் பாடத்திட்டத்தில் இந்தப் பிரிவும் தமிழ்க் கோப்புச் செம்மையாக்கமும் இடம்பெற வேண்டும்.

பதிப்பகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அனுமதி தேவையில்லை என்பதால் உங்கள் ஒத்துழைப்பு தேவையில்லை என்றாகிவிடாது. அச்சுக்குப் போன நூலின் ஒருங்குறிக் கோப்பை நீங்கள் கொடுத்தால், வாரக்கணக்கில் நடக்கும் மெய்ப்பு வேலை ஓரிரு நாளில் முடியும். நூலகங்கள் அதைக் கேட்கத் தயங்க வேண்டாம். கோப்பு வரட்டும், வராமல் போகட்டும். வாசகரை மட்டும் காத்திருக்க வைக்கக் கூடாது. சட்டம் அந்தப் பொறுப்பை நம்மை நம்பியே ஒப்படைத்திருக்கிறது.