கடலின் வெப்பக் கணக்கும் கல்முனைக் கரையோரமும்

மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் எனக் கடலை நம்பி வாழும் ஊர்களைக் கொண்டது அம்பாறைக் கரையோரம். 1978 நவம்பரில் கிழக்கிலங்கையைச் சிதைத்தது போன்ற சூறாவளிகளுக்கு வலுவூட்டுவது வங்காள விரிகுடா சேமித்து வைக்கும் வெப்பமாகும்.

அவ்வெப்பத்தைக் கணிக்க, கடல்மீது விழும் சூரியக் கதிர்வீச்சையும் வளிமண்டலத்திலிருந்து இறங்கும் அகச்சிவப்புக் கதிர்வீச்சையும் கப்பலிலிருந்து அளக்க வேண்டியுள்ளது. செய்மதி மதிப்பீடுகளைச் சரிபார்ப்பதற்கும் இவ்வளவீடுகள் அவசியம். ஆனால், கப்பல் தரையைப் போல் அசையாது நிற்பதில்லை. சூரியன் அடிவானிலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கையில், கருவி அதனை நோக்கி 1 பாகை சாய்ந்தாலே நேரடிக் கதிரின் அளவு ஏறத்தாழ 3 சதவீதம் கூடிவிடும். புகைபோக்கியின் கரி, அலைத்துளியின் உப்பு, கொடிமரத்தின் நிழல் ஆகியவையும் பிழை தரும். சதுர மீற்றருக்கு 10 வாற் பிழை ஒரு மாதம் நீடித்தால், 20 மீற்றர் ஆழமான நீர்ப்படையின் வெப்பநிலைக் கணிப்பு சுமார் 0.3 பாகை செல்சியஸ் பிறழும்.

வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை 2024 இல் ஓராண்டுத் தடை விதித்திருந்தது. பாதுகாப்புக் குறித்த ஐயம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், பிறர் கப்பலைத் தடுப்பதால் நமது கடல் அளக்கப்பட்டுவிடாது.

நாரா நிறுவனமும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இப்பணியில் கைகோர்க்க வேண்டும். கப்பலின் சாய்வைப் பதிந்து அளவீட்டைத் திருத்தலாம். பயணத்தின் முன்னும் பின்னும் கரையிலுள்ள கருவியுடன் ஒப்பிடலாம். கருவியை வாங்குவதிலும் கடினமானது, அதன் கண்ணாடிக் கவிகையை நாள்தோறும் துடைத்துப் பதிவேடு பேணும் ஆளணியை உருவாக்குவதாகும். அதற்கான நிதியொதுக்கீட்டைக் கோருவது இக்கரையோர மக்கள் பிரதிநிதிகளின் கடமையாகும்.