கடை மேசைக்கு அடியில் ஒரு தூளி

மதுரை விளாச்சேரியில் கொலு பொம்மைக்குக் கடைசியாகத்தான் கண் திறப்போம். கை நடுங்கக் கூடாது. அதனால் மகள் தூங்கிய பிறகு, இரவு 11 மணிக்கு மேல்தான் எனக்கு அந்த வேலை. காகிதக்கூழை அச்சில் அப்புவது அவளை மடியில் வைத்துக்கொண்டே முடியும். கண் எழுத முடியாது.

புரட்டாசி வந்தால் கண்காட்சி. காலாண்டுத் தேர்வும் அப்போதுதான். மூத்தவனை மாமியாரிடம் விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு வெளியூர் போனேன். மேசைக்கு அடியில் சேலைத் தூளி. பால் கொடுக்க இடமில்லை. பொம்மை வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கி மறைவு கட்டினேன். அந்தக் கால்மணி நேரத்தில் தசாவதார செட் கேட்டு வந்தவர் காத்திருக்காமல் போய்விட்டார். மறுநாளிலிருந்து, சணல் பை விற்கும் பக்கத்துக் கடை அக்காதான் என் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அவர் இல்லையென்றால் பாதியிலேயே ஊர் திரும்பியிருப்பேன்.

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. முதலாளி இல்லாத எங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் கண்காட்சியில் நாங்களும் கடைக்கு வாடகை கட்டித்தான் உட்காருகிறோம். தட்டி கட்டிய ஓர் அறை, மின்விசிறி, ஓர் ஆயா: அந்த வாடகையிலிருந்தே இதைச் செய்யலாம். கண்காட்சி நடத்துபவர்களே, கடைக்கான விண்ணப்பத்தில் “கைக்குழந்தை உண்டா” என்று ஒரு வரி சேருங்கள். எத்தனை தூளி கட்ட வேண்டும் என்று முன்பே தெரிந்துவிடும்.