வாக்குச்சீட்டை அவசரத்தில் அச்சடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் திருவள்ளூர் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம்; அது நடக்கவில்லை. அந்தத் தாமதத்தைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். சென்னையில் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்துவிட்டுப் பழவேற்காடு ஏரிக்கரைக்கே திரும்பி வந்தவன் என்பதால், என் கவலை வேறு. தேர்தல் தேதியை இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் அவசரமாக அறிவிக்கும்போது வாக்குச்சீட்டு என்ன பாடுபடுகிறது என்பதுதான் அது.

2019-இன் கணக்கைப் பாருங்கள். வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் டிசம்பர் 19. முதல் கட்ட வாக்குப்பதிவு டிசம்பர் 27. யார் களத்தில் நிற்கிறார்கள், யாருக்கு என்ன சின்னம் என்பது 19-ஆம் தேதி மாலைதான் உறுதியாகும். அதற்குப் பிறகு இருந்தது முழுதாக ஏழு நாள். அதற்குள் சீட்டு அச்சாகி, எண் விழுந்து, கட்டாகி, ஒன்றிய அலுவலகத்தில் சரிபார்த்து, பெட்டியோடு சாவடிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தத் தேர்தலில் நிரப்ப வேண்டியிருந்த பதவிகள் 91,975. அதில் ஊராட்சி வார்டு உறுப்பினர் மட்டுமே 76,746. எத்தனை பேர் போட்டி என்பது வார்டுக்கு வார்டு வேறு. சீட்டும் அதற்கேற்ப வேறு.

கிராமத்து வாக்காளர் கையில் ஒரே நேரத்தில் நான்கு சீட்டு கொடுக்கிறார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். இரண்டு வார்டுக்கு ஒரே சாவடி என்றால் ஒரு வார்டுக்கு நீலம். கட்டுக் கட்டும் மேஜையில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒருவர் ஒரு கட்டை மாற்றி வைத்தால் போதும், அடுத்த வார்டின் சீட்டு இந்தச் சாவடிக்கு வந்துவிடும். அப்படிச் சீட்டு மாறிப்போய் மறுவாக்குப்பதிவு நடந்த சாவடிகள் 2019-இல் உண்டு. செய்தித்தாள் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

டிசம்பர் என்பது எங்களுக்கு மழைக்காலம். காற்றில் ஈரம் ஏறினால் தாளும் ஈரம் குடிக்கும். ஈரம் குடித்த தாள் விரியும், ஓரம் அலை அலையாக நெளியும், மெஷினில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போகும். இரண்டு தாள் சேர்ந்து போனால் ஒன்றில் எண் விழும், மற்றது வெற்றாக வரும். இங்க் காய்வதும் தாமதமாகும். காயாத தாளை அவசரத்தில் அடுக்கினால் கீழ்த் தாளின் இங்க் மேல் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். வாக்குச்சீட்டின் முதுகு சாதாரண இடமில்லை. சாவடியின் முத்திரையும் தலைமை அலுவலரின் கையெழுத்தும் விழும் இடம் அது. இதற்கெல்லாம் வைத்தியம் ஒன்றுதான்: தாளை ஆற வைக்க வேண்டும். ஏழு நாளில் எதை ஆற வைப்பது?

சின்னத்துக்கு வருகிறேன். தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஏணி என்று பொதுச் சின்னங்கள்தான். எங்கள் கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆந்திர எல்லையில் இருக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் இங்கே நிறைய. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சின்னத்தைப் பார்த்துத்தான் குத்துகிறார்கள். சின்னப் படத்தை நகலுக்கு நகல் எடுத்து ப்ளேட் போட்டால் கோடுகள் அடைத்துக்கொண்டு கருந்திட்டாகத்தான் விழும். வலை பின்னிப் பின்னிக் கண் மங்கிய ஒரு ஆயாவுக்கு அதில் ஏணி எது, எதிர்ச் சின்னம் எது?

வாக்கு எண்ணிக்கையிலும் இந்த அவசரத்தின் வினை தெரியும். வாக்காளர் குத்தும் அம்புக்குறி முத்திரையை அப்படி வடிவமைத்ததற்கே காரணம் உண்டு. மடிக்கும்போது மை எதிர்ப்பக்கம் ஒட்டினாலும் குறி திரும்பிய திசையைப் பார்த்து, குத்தியது எது, ஒட்டியது எது என்று பிரித்துவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் வழுவழுப்பான, மை உறிஞ்சாத தாளைக் கொடுத்தால் குறியே இழுபட்டு வெறும் ஊதாக் கறையாகிவிடும். உறவினர் ஒருவருக்கு முகவராக நான் உட்கார்ந்திருந்த எண்ணும் மேஜையில், திசை சொல்ல முடியாத அப்படிப்பட்ட சீட்டுகள் செல்லாத கட்டுக்குத்தான் போயின. தேர்தல் நாளில் வலைக்குப் போகாமல் ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு வந்து போட்ட வாக்கு அது.

அச்சுக்கு அவகாசம் கொடுத்த முன்னுதாரணமும் உண்டு. 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். பெரும்பாலோர் தங்கள் குறையைச் சொல்ல நின்ற விவசாயிகள். வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆனது. அன்றைக்குத் தேர்தல் ஆணையம் அங்கே வாக்குப்பதிவைத் தள்ளிவைத்து, அச்சு வேலைக்கு அவகாசம் கொடுத்தது. ஒரு தொகுதிக்குக் கிடைத்த அந்த நிதானம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊராட்சிகளுக்குக் கிடைக்கக் கூடாதா?

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு இயந்திரத்தில் வாக்குப்பதிவு நடந்ததே, கிராமத்துக்கும் அதையே கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நான்கு பதவிக்கு ஒரே நேரத்தில் வாக்களிக்க அத்தனை இயந்திரம் வேண்டும். அது வரும்வரை காகிதம்தான் என்றால், காகிதத்தை ஒழுங்காகச் செய்யுங்கள்.

அச்சகத்தில் எந்த வேலையானாலும் புரூஃபில் கையெழுத்து வாங்காமல் மெஷினில் ஏற்ற மாட்டோம். நான் முகவராக இருந்த தேர்தலில் எங்கள் வேட்பாளருக்கு யாரும் புரூஃப் காட்டவில்லை. சின்னம் எப்படி விழுந்திருக்கிறது என்பதைச் சாவடியில்தான் பார்த்தோம். பழவேற்காட்டில், மீன்பிடிக்கும் இடத்தை முறை வைத்துப் பகிரும் பாடு முறை உள்ள குப்பங்களில் யாருக்கு எந்த இடம், எந்த முறை என்பதை ஊர் கூடி, எல்லோர் கண் முன்னாலும்தான் தீர்க்கிறார்கள். மீனுக்கே அப்படி என்றால் ஓட்டுக்கு எப்படி இருக்க வேண்டும்?

மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு உங்கள் இதழ் வழியாக நான் வைக்கும் கோரிக்கை இதுதான்: மனு திரும்பப் பெறும் நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். சின்னங்களின் மூலப் படத்தையே எல்லா மாவட்டத்துக்கும் கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒன்றிய அலுவலகத்தில் வேட்பாளர்களைக் கூப்பிட்டுப் புரூஃபைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். மை உறிஞ்சும் தாளை இப்போதே வாங்கி, ஈரம் படாமல் வையுங்கள். தாள் வாங்குவதற்குத் தேதி அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அச்சு வேலை முடியவில்லை என்பதைத் தேர்தலைத் தள்ளிப்போட இன்னொரு சாக்காகவும் ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
சுண்ணாம்புக்குளம்,
திருவள்ளூர் மாவட்டம்.