எந்திரமும் எண்ணுமோ?

போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தாய்மார்களை நாம் அறிவோம். ஏலச் செடியின் ஒரே சரத்தில் காய்கள் யாவும் ஒருங்கே முதிர்வதில்லை. முதிர்ந்ததை எடுத்து, இளங்காயை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். எது இன்று, எது பின்னர் என்பதை அவர்களுடைய கண்ணும் விரலும் நொடியில் தீர்மானிக்கின்றன. உலர்ந்த காயை நிறம் பார்த்துப் பிரிக்கவோ இன்று எந்திரம் வந்துவிட்டது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலமும் கணினி வழியே நடைபெறுகிறது. அப்படியாயின், எந்திரமும் எண்ணத் தொடங்கிவிட்டதா?

இவ்வினாவை 1950-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டூரிங் எழுப்பினார். உரையாடலில் மனிதரிடமிருந்து பிரித்தறிய இயலாதபடி ஓர் எந்திரம் விடையளிக்குமா என்று சோதித்துப் பார்க்கலாம் என்றார். இன்றைய செயற்கை நுண்ணறிவு, மனிதர் ஆக்கிய எழுத்திலும் குரலிலும் படத்திலும் பயின்று, அவற்றைப் போன்றவற்றை உருவாக்குகிறது. இதன் விளைவைத் திரைப்படத்தில் கண்கூடாகக் காண்கிறோம்.

குங்ஃபூ வீரர் புரூஸ் லீ 1973-இல் தம் 32-ஆம் வயதில் மறைந்தபோது, அவர் தொடங்கிய படமொன்று முற்றுப்பெறாமல் நின்றது. ‘கேம் ஆஃப் டெத்’ என்னும் பெயரில் 1978-இல் அது வெளிவந்தது. வேறு நடிகர்கள் அவராகத் தோன்றினர். ஒரு காட்சியில் அட்டையில் வெட்டிய அவர் முகத்தையே ஒட்டிக் காட்டினர்.

நம் மதுரைச் சீமையின் விஜயகாந்த் 1979-இல் திரைக்கு வந்தார். ‘சட்டம் ஒரு இருட்டறை’ 1981-இல் அவருக்குப் புகழ் தந்தது. சுவரில் காலூன்றிச் சுழன்று உதைக்கும் சண்டைகளால் பட்டிதொட்டியெங்கும் அறியப்பட்ட அவர், 2023 டிசம்பர் 28 அன்று மறைந்தார். ஆயினும் 2024 செப்டம்பரில் வெளிவந்த ‘கோட்’ திரைப்படத்தில் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீண்டும் தோன்றினார். குடும்பத்தாரின் இசைவு பெற்றே அது செய்யப்பட்டது. முன் அனுமதியின்றி எவரும் அவர் உருவை இவ்வாறு பயன்படுத்தலாகாது என்று அவருடைய துணைவியார் பிரேமலதா அவ்வாண்டிலேயே அறிவித்தார்.

அவ்வறிவிப்பில் நியாயம் உண்டு. திரையில் நாம் வியக்கும் உதை, விழுந்தெழுந்து பழகிய உடலின் சம்பாத்தியம். எந்திரம் விழவுமில்லை, வலியை அறியவுமில்லை. காயெடுக்கும் தாயின் கைத்திறனும் அத்தகைய சம்பாத்தியமே. நாளை அதையும் படம்பிடித்து ஓர் எந்திரம் கற்குமாயின், கற்பித்த கைக்கு உரிய பங்கு மறுக்கப்படலாகாது.

இல்லத்தாருக்கும் இதில் கடமை உண்டு. மறைந்த தந்தையின் நிழற்படத்தைப் பேசவைக்கும் வசதி இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பிள்ளைகளே, அதைச் செய்யுமுன் தாயையும் உடன்பிறந்தோரையும் கேளுங்கள். அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைக்காதீர்கள்.

எந்திரம் எண்ணுமோ என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். யாருடைய உழைப்பைக் கொண்டு அது எண்ணுகிறது என்பதை நாம் எண்ணுவோமாக.