உடல்நலப் பகுதி: நெஞ்சுக்கு நல்ல மருந்து மூச்சுக்கு ஆகுமா?

இரத்த அழுத்தம், நெஞ்சுவலி, கைநடுக்கம், ஒற்றைத் தலைவலி, மனப்பதற்றம் ஆகியவற்றுக்கு வைத்தியர்கள் கொடுக்கும் மருந்துகளில் ஒரு வகை ‘பீட்டா தடுப்பான்’ எனப்படும். புரொப்பிரனலோல், அட்டெனலோல், பைசொப்பிரலோல் என்பன இவ்வகையின. புரொப்பிரனலோலை 1960களில் உருவாக்கிய ஸ்கொட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பிளாக், 1988இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். கோடிக்கணக்கானோருக்கு நன்மை செய்த மருந்து இது. ஆயினும் ஆஸ்துமா உள்ளவருக்கு இதுவே ஆபத்தாகலாம்.

காரணம் எளிது. உடலில் சுரக்கும் அட்ரினலின் இதயத்தை விரைவாக்குகிறது. மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்தி வழியையும் திறக்கிறது. புரொப்பிரனலோல் இவ்விரண்டு வாசல்களையும் பூட்டிவிடுகிறது. ஜூன் மாதப் புல் மகரந்தமோ வீட்டுத் தூசியோ ஒவ்வாதவரின் நுரையீரலுக்குள் நுழைந்தால், அங்குள்ள கலங்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்ட, மூச்சுக்குழாய் இறுகுகிறது. அதைத் தளர்த்த வேண்டிய அட்ரினலினுக்கோ கதவு அடைபட்டிருக்கிறது. நீலநிற இன்ஹேலரில் உள்ள சல்பியூட்டமோலுக்கும் அதே கதவுதான் வழி.

அட்டெனலோலும் பைசொப்பிரலோலும் பெரும்பாலும் இதயத்தின் வாசலையே பூட்டும்; எனினும் முற்றிலும் அச்சமற்றவை அல்ல. கண் அழுத்த நோய்க்கான டிமோலோல் சொட்டு மருந்தும் இவ்வகையே. கண்ணில் விடுவது இரத்தத்தில் கலந்து மூச்சிறைப்பை உண்டாக்கக்கூடும். ‘சொட்டுத்தானே’ என்று வைத்தியரிடம் சொல்லாமல் விடுவது தவறு.

கச்சான், குளவிக்கொட்டு போன்றவற்றால் கடும் ஒவ்வாமை ஏற்படுவோர் இம்மருந்தை உட்கொண்டால், அட்ரினலின் ஊசி வழக்கம்போல் வேலை செய்யாதிருக்கலாம். அதற்காக ஊசியைத் தவிர்க்கலாகாது. உடனே ஏற்றி, 999ஐ அழைத்து, உட்கொள்ளும் மருந்தின் பெயரையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் குளுக்ககொன் என்னும் ஊசி கைகொடுக்கும். அது வேறு வாசல் வழியாக வேலை செய்வது.

அரங்கேற்றத்துக்கும் பரீட்சைக்கும் முன் பிள்ளையின் படபடப்பைத் தணிக்க, அம்மம்மாவின் மாத்திரையில் ஒன்றைக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். சிறுவயதில் இழுப்பு இருந்த பிள்ளைக்கு அந்த ஒரு மாத்திரையே உயிருக்கு உலை வைக்கக்கூடும்.

இதைப் படித்துவிட்டு எவரும் தமது மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது, நெஞ்சுவலி மீளக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்கள், மாத்திரைப் பெட்டியையும் கண் சொட்டு மருந்தையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தில் தமக்கு அண்மையிலுள்ள மருந்துக்கடைக்குச் சென்று காட்டுவார்களாக. ஐந்து நிமிட வேலை. ஓர் உயிரைக் காக்கும்.