"பெயர் இல்லாத பயிற்றுவிப்பாளர்" என்று சொல்லும் நம் பிள்ளைகளுக்கு



ஹஜ்ஜுப் பெருநாளின் கையோடு வந்த நேஷன்ஸ் லீக் இறுதிப் போட்டியை நம்மூர்ப் பொடியன்மார் விடிய விடிய பார்த்தார்கள். மியூனிக்கில் போர்த்துக்கலும் ஸ்பெயினும் 2-2, பிறகு பெனால்டியில் போர்த்துக்கல் வென்றது. ரொனால்டோ ரசிகர்களின் ஸ்டேட்டஸ்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதில் நமக்குப் பிரச்சினையும் இல்லை, 40 வயதில் இறுதிப் போட்டியில் கோல் அடித்த மனிதரை யார்தான் பாராட்டமாட்டார்கள்? ஆனால் சில பிள்ளைகள் ஸ்பெயின் பயிற்றுவிப்பாளரைப் பிடித்துக்கொண்டார்கள். "யார் இந்த ஆள்? ஒரு பெயரும் இல்லை. பார்சிலோனா பிள்ளைகளின் புண்ணியத்தில் யூரோ எடுத்தவர். இனி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்."

இதற்குப் பதில் எழுதாமல் இருக்க ஆசிரியர்களாகிய எங்களால் முடியவில்லை. ஏனென்றால் லூயிஸ் டி லா ஃபுவெண்டே அடிப்படையில் எங்கள் ஜாதிக்காரர். சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே வயது போனவர். 2025 ஜூனில் அவருக்கு 64 ஆனது.

முதலில் பெயர் விடயம். வடஸ்பெயினில் லா ரியோஹா மாகாணத்தின் ஹாரோ என்ற சிற்றூரில் 1961 இல் பிறந்தவர். அத்லெடிக் பில்பாவோவில் வளர்ந்த இடது பின்கள வீரர். அந்தக் கழகத்தின் சங்கதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியூர் நட்சத்திரங்களை விலைக்கு வாங்கமாட்டார்கள், பாஸ்க் பகுதியில் பிறந்த அல்லது அங்கே பயிற்சியில் வளர்ந்த பிள்ளைகள் மட்டும்தான். அப்படி இருந்துகொண்டே 1983 இலும் 1984 இலும் அடுத்தடுத்து லா லீகா கிண்ணத்தை எடுத்தார்கள், 1984 இல் அரசர் கிண்ணத்தையும் சேர்த்தே எடுத்தார்கள். அந்த அணியில் டி லா ஃபுவெண்டே இருந்தார். பிறகு நான்கு வருடம் செவில்லா, திரும்பவும் பில்பாவோ, கடைசியில் அலவேஸ். ஸ்பெயின் தேசிய அணிக்காக ஒரு போட்டிகூட ஆடியதில்லை. பின்கள வீரனின் பெயர் பத்திரிகையில் பெரிதாக வருவது பிழை விட்ட நாளில்தானே!

பயிற்றுவிப்பாளராக ஆரம்பித்தது இன்னும் சின்ன இடத்தில். போர்ட்டுகலேட்டே, அவுரேரா என்று நாம் கேள்விப்பட்டிராத கழகங்கள். பிறகு செவில்லாவிலும் பில்பாவோவிலும் இளையோர் அணிகள். 2011 இல் அலவேஸ் அவரைப் பெரிய அணிக்குப் பயிற்றுவிப்பாளராக்கியது. அப்போது அந்தக் கழகம் மூன்றாம் நிலையில் கிடந்தது. அங்கேயும் சில மாதங்களிலேயே வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். ஐம்பது வயதில் அப்படி நின்ற மனிதரைத்தான் 2013 இல் ஸ்பெயின் உதைபந்தாட்டச் சம்மேளனம் சிறுவர் அணிகளுக்காக எடுத்தது.

இனித்தான் "பார்சிலோனா பிள்ளைகளின் புண்ணியம்" என்ற கதைக்கு வருகிறோம்.

2015 இல் 19 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியக் கிண்ணத்தை அவரது அணி வென்றது. அந்தக் குழாமில் இருந்த மூன்று பொடியன்மார் ரொட்ரி, மிகெல் மெரினோ, கோல்காப்பாளர் உனாய் சிமோன். 2019 இல் 21 வயதுக்குட்பட்டோர் கிண்ணம், இறுதியில் ஜேர்மனிக்கு எதிராக 2-1. கோல் அடித்தவர்கள் ஃபாபியான் ரூயிஸ், டானி ஒல்மோ. அடுத்தது டோக்கியோ ஒலிம்பிக், இறுதியில் பிரேசிலிடம் மேலதிக நேரத்தில் தோற்று வெள்ளிப் பதக்கம். அந்தக் குழாமில் குகுரெயா, சுபிமெண்டி, ஒயர்சாபல், பெட்ரி.

இப்போது யூரோ 2024 ஐ நினைத்துப் பாருங்கள். கால் இறுதியில் ஜேர்மனிக்கு எதிராக பெட்ரி காயப்பட்டு எட்டாவது நிமிடத்திலேயே வெளியே போகிறார். உள்ளே வந்த ஒல்மோ முதல் கோலை அடிக்கிறார். 119 ஆவது நிமிடத்தில் அதே ஒல்மோ தூக்கிக் கொடுத்த பந்தை, மாற்று வீரராக வந்த மெரினோ தலையால் முட்டிக் கோலாக்குகிறார். இங்கிலாந்துடனான இறுதியில் ரொட்ரி காயத்தால் இடைவேளையோடு வெளியேற சுபிமெண்டி வருகிறார். ஸ்கோர் 1-1 ஆக இருக்கும்போது 86 ஆவது நிமிடத்தில் குகுரெயா இடது பக்கத்திலிருந்து அனுப்பிய பந்தை, மாற்று வீரராக வந்த ஒயர்சாபல் சறுக்கிக்கொண்டு போய் வலைக்குள் தள்ளுகிறார். கடைசி நிமிடத்தில் கோல் கோட்டில் நின்று தலையால் பந்தைக் காப்பாற்றியவரும் ஒல்மோதான்.

ஒல்மோ வருவார், ஒயர்சாபல் வருவார், சுபிமெண்டி வருவார். எல்லோரும் அந்த மனிதரின் வகுப்புப் பிள்ளைகள். எந்தப் பிள்ளையை எந்த நேரத்தில் எழுப்பிக் கேள்வி கேட்டால் பதில் வரும் என்று பத்து வருடமாகப் பார்த்து வைத்திருந்தார். ஏழு போட்டி, ஏழும் வெற்றி. இதைப் புண்ணியம் என்று சொன்னால் கணக்குப் பாடத்தில் ஆண்டு முழுவதும் உழைத்து ஏ எடுத்த பிள்ளையை அதிர்ஷ்டக்காரன் என்று சொன்னமாதிரி.

அவரை நியமித்த நேரத்தையும் மறக்கக்கூடாது. 2022 டிசம்பரில் கட்டாரில் மொரோக்கோ பெனால்டியில் ஸ்பெயினை வீழ்த்தியது. நம்மூரில் அன்று எத்தனை பேர் தூங்கினார்கள் என்று உங்களுக்கே தெரியும்! லூயிஸ் என்ரிகே போனார், டி லா ஃபுவெண்டே வந்தார். அடுத்த மார்ச்சிலேயே ஸ்கொட்லாந்திடம் 2-0 தோல்வி. ஸ்பெயின் பத்திரிகைகளும் அப்போது இப்போது நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டன. மூன்று மாதத்தில் அதே நேஷன்ஸ் லீக்கைக் குரோஷியாவிடமிருந்து பெனால்டியில் வென்றார்.

அதற்காக அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. 2023 ஆகஸ்டில் ஸ்பெயின் பெண்கள் உலகக் கிண்ணத்தை வென்றார்கள். பரிசளிப்பு மேடையில் சம்மேளனத் தலைவர் ருபியாலெஸ், ஜென்னி ஹெர்மோசோ என்ற வீராங்கனையை அவரது சம்மதமில்லாமல் உதட்டில் முத்தமிட்டார். ஐந்து நாள் கழித்து சம்மேளனக் கூட்டத்தில் பதவி விலகமாட்டேன் என்று திரும்பத் திரும்பக் கத்தினார். முன்வரிசையில் இருந்து அதற்குக் கை தட்டியவர்களில் டி லா ஃபுவெண்டேயும் ஒருவர். ஒரு வாரத்தில் ஊடகங்களுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டார், தான் செய்தது மன்னிக்க முடியாதது என்றார். ருபியாலெஸ் பதவி விலகினார், 2025 பெப்ரவரியில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து தண்டப் பணம் விதித்தது.

இந்த இடத்தை யூரோ கிண்ணத்தைக் காட்டி மறைக்க முடியாது என்பதே எங்கள் கருத்து. பிள்ளைகளோடு வேலை செய்கிறவர், மேலதிகாரி தப்பாகப் பேசும்போது கை தட்டினால், அதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பெண்பிள்ளைகள் இன்னும் கூர்ந்து பார்க்கிறார்கள். நம் பக்கத்திலும் கூட்டங்களில் முன்வரிசையில் இருந்து யாருக்கு, எதற்குக் கை தட்டுகிறோம் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். மன்னிப்புக் கேட்டது நல்லது. தட்டாமல் இருந்திருந்தால் அதைவிட நல்லது.

அந்த மன்னிப்புக்கு ஒரு வாரம் கழித்து ஜோர்ஜியாவுக்கு எதிராக 16 வயது லமீன் யமாலை இறக்கினார். அன்றே கோலும் அடித்தார் அந்தப் பிள்ளை. மொரோக்கோ வாப்பாவுக்கும் எக்குவடோரியல் கினி உம்மாவுக்கும் பிறந்து, ரொக்கஃபொண்டா என்ற ஏழை வட்டாரத்தில் வளர்ந்தவர். நம் பிள்ளைகளின் சுவரெல்லாம் அவர் படம். அவர்களுக்கு நாங்கள் விரும்பிச் சொல்வது வேறு விடயம்: யூரோ நடந்துகொண்டிருந்தபோது ஜேர்மனியில் இருந்தே பள்ளிப் பாடத்தைச் செய்து, நம்ம ஓ.எல் மாதிரியான கட்டாயக் கல்வியையும் பாஸ் பண்ணினார். ட்ரெய்னிங் இருக்கு சேர், ஹோம்வேர்க் செய்யல்ல என்று சொல்பவர்கள் கவனிக்கவும் 😊

பெற்றோர்களுக்கும் பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. வலய மட்டத்தில் ஒரு போட்டி தோற்றால் அடுத்த நாளே பயிற்றுவிக்கும் சேரை மாற்றச் சொல்கிறீர்கள். 14 வயதுக்குட்பட்ட அணிக்கு யாராவது நின்றால் போதும், 20 வயதுக்குட்பட்ட அணிக்குத்தான் பெரிய ஆள் வேண்டும் என்கிறீர்கள். ஆறாம் வகுப்பில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளையை யார் எட்டு வருடம் பார்த்துக்கொண்டிருப்பது?

ஸ்பெயின் சம்மேளனம் 2025 ஜனவரியில் அவரது ஒப்பந்தத்தை 2028 வரை நீட்டியது. மியூனிக்கில் தோற்ற அன்றும் ஸ்பெயினின் இரண்டு கோல்களை அடித்தவர்கள் சுபிமெண்டியும் ஒயர்சாபலும்தான். டோக்கியோ வகுப்பு.