ஒரு சாண் கூட இல்லாத குழல்

ஹிச்சிரிக்கி. பேரே புதுசா இருக்கா? ககாக்கு என்கிற ஜப்பான் அரண்மனை இசையில் மெட்டை ஏந்திப் போகிற மூங்கில் குழல். நீளம் சுமார் 18 சென்டிமீட்டர்தான். ஆனால் சத்தம் கூடத்தை நிறைக்கும். நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி இதற்கும் நாணலில் செய்த இரட்டை நாக்கு. ஊதுவதற்கு முன் அதைச் சூடான கிரீன் டீயில் ஊற வைப்பார்கள். சுரம் விட்டுச் சுரம் வழுக்கிப் போகும்போது, கமகம் கேட்டு வளர்ந்த காது சட்டென்று நிமிர்ந்து உட்காரும்.

இந்தக் குழலைப் பியானோ, சிந்தசைசரோடு வாசிப்பவர் ஹிதெகி தோகி. 1959-ல் பிறந்தவர். பரம்பரை ககாக்கு குடும்பம்தான், ஆனால் சின்ன வயசில் அப்பாவின் வேலை காரணமாகத் தாய்லாந்தில் இருந்தார். ராக், ஜாஸ் எல்லாம் கேட்டு வளர்ந்தார். அப்படியே நம்ம வீட்டுப் பிள்ளைகள் கதை! பள்ளிப் படிப்பு முடிந்த பிறகுதான் அரண்மனை இசைத்துறையில் மாணவராகச் சேர்ந்தார். 1986 முதல் பத்து வருஷம் அங்கே கலைஞர். 1996-ல் முதல் ஆல்பம்.

அரண்மனை வாத்தியத்தை இப்படி ஜனரஞ்சகமாக்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவருடைய சில மெட்டுகளில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரிசையைப் பாருங்கள். ககாக்குவில் முதலில் தொடையில் தாளம் தட்டி மெட்டை வாயால் பாடிப் பழக வேண்டும், வாத்தியம் அப்புறம்தான். அந்தப் படிப்பும் பத்து வருஷ வாசிப்பும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அதனால் அவர் இசையில் ஹிச்சிரிக்கி ஊறுகாய் இல்லை, சாப்பாடே அதுதான். பியானோ பக்கவாத்தியம்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் வெளியே வந்தாலும் அரண்மனையில் ககாக்கு நிற்கவில்லை. அங்கே கலைஞர்களுக்கு அரசுச் சம்பளம். அந்தப் பலம் பின்னால் இருந்தால் துணிந்து விளையாடலாம்.

நமக்கு? இங்கே புனேயில் நம்ம ஆட்கள் நடத்தும் கல்யாணங்கள் சிலவற்றில் கெட்டிமேளமே பென் டிரைவில் இருந்துதான் வருகிறது. அதைக் கேட்டுக்கொண்டே "ஃப்யூஷன் பாரம்பரியத்தைக் கெடுக்குது" என்று பேசுகிறோம். என்னைக் கேட்டால், பையன் ராக் கேட்கிறானே என்று பயப்பட வேண்டாம். தோகியும் கேட்டார். அவருக்கு வயசு வந்தபோது உள்ளே போக ஒரு கதவு திறந்திருந்தது. நாம் நாதஸ்வரக்காரரை நேரில் கூப்பிட்டு, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்தால்தான் நம்ம கதவும் திறந்திருக்கும்.